இடப்பக்கம் இறங்கிய நுனி

அன்று திங்கட்கிழமை காலை, முரோய் ஃபூசாவின் துடைப்பம் எல்லையிலேயே நின்றுவிட்டது. ஒரு சாண்கூட இந்தப் பக்கம் வரவில்லை.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் கியோத்தோவின் சந்துகளில் குடியிருந்து பார்க்காதவர்கள். காலை ஆறு மணிக்கு அவரவர் வாசலை அவரவர் பெருக்கித் தண்ணீர் தெளிப்பார்கள். பெருக்கும்போது பக்கத்து வீட்டு வாசலிலும் ஒரு முழம் சேர்த்துப் பெருக்க வேண்டும். ஒரு முழம்தான். அதற்குமேல் போனால், உன் வாசல் குப்பையாய்க் கிடக்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்னதுபோல் ஆகிவிடும். எல்லையிலேயே நிறுத்திக்கொண்டால், உன்னோடு எனக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை என்று அர்த்தம். இதை எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டவில்லை. எழுதி ஒட்ட வேண்டிய அளவுக்கு இந்த ஊரில் பிறந்தவர்கள் மட்டமானவர்களும் இல்லை.

முப்பத்தொரு வருஷமாக நிஷிவாகி மசாயோவின் வாசலில் ஒரு முழம் ஃபூசாவின் துடைப்பம் பட்டிருக்கிறது. ஃபூசாவின் வாசலில் ஒரு முழம் மசாயோவினுடையது. சண்டை போட்ட நாட்களிலும் பட்டது. மசாயோவின் கணவன் செத்துக் கிடந்த காலையிலும் பட்டது. இந்தத் திங்கட்கிழமை மசாயோ தன் கதவைத் திறந்தபோது, இரண்டு வீட்டுக்கும் நடுவில் கல் நனைந்த இடமும் நனையாத இடமும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் பிரிந்து கிடந்தன. அவள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஃபூசாவுக்குத் தெரிந்துவிட்டது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

என்ன தெரிந்துவிட்டது என்பதைச் சொல்ல, மசாயோவின் பிழைப்பைச் சொல்ல வேண்டும்.

கியோமிசு கோயிலுக்கு ஏறும் சரிவின் அடியில், வாடகைக்கு கிமோனோ உடுத்திவிடும் கடை ஒன்றில் பதின்மூன்று வருஷமாக மசாயோவுக்கு வேலை. வயது ஐம்பத்தேழு. காலை ஒன்பது மணியிலிருந்து பெண்களை வரிசையாக நிற்கவைத்து உடுத்திவிடுவாள். சுற்றிக் கட்டி, இழுத்து, மடித்து, கடைசியில் முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புவாள். ஒரு ஆளுக்குப் பன்னிரண்டு நிமிஷம். பிறவியிலேயே அவள் இடதுகைக்காரி. பள்ளிக்கூடத்தில் பிரம்பால் அடித்து எழுதுவதை வலது கைக்கு மாற்றினார்கள், வீட்டில் திட்டித் திட்டிச் சாப்பிடுவதையும் மாற்றினார்கள். ஓபி என்கிற அந்த அகலமான இடைக்கச்சை முடிச்சுப் போடுவதை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. மற்றவர்கள் கட்டினால் முடிச்சின் நுனி வலப்பக்கம் இறங்கும். மசாயோ கட்டினால் இடப்பக்கம் இறங்கும். அது தெரிந்தவர்கள் கண்ணுக்கு மட்டுமே தெரியும். ஃபூசா தெரிந்தவள். அவள் மகள் நத்சுகோவுக்கு இருபது வயது நிறைந்த சடங்குக்கு உடுத்திவிட்டது மசாயோதான். அன்றைக்கு ஃபூசா மகளின் முதுகைப் பார்த்துவிட்டு, "மசா-சான், என்ன இது, நுனி வழி தப்பிப் போச்சா?" என்று சிரித்தாள். ஃபூசாவின் கணவர் ஸெய்ஜி, "விடு, கூட்டத்துல தொலைஞ்சுபோனா நம்ம பொண்ணைச் சட்டுனு கண்டுபிடிச்சுடலாம்" என்றார்.

ஸெய்ஜி நகரப் பேருந்து ஓட்டுநர். வெள்ளைக் கையுறை போட்ட இடது கையை, சாலையோரத்தில் மசாயோவைக் கண்டால் போதும், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து லேசாகத் தூக்குவார். சிரிக்க மாட்டார், வேலை நேரம். கை மட்டும் உயரும். மசாயோவின் கணவன் இறந்தபோது சந்துக்குள் வண்டி நுழையாததால் பெட்டியைத் தெருமுனை வரை தோளில்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. முன்பக்கம் தோள் கொடுத்தவர் அவர். மூன்று வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுதும் போயிற்று, பேச்சும் போயிற்று. தெருவைப் பார்த்த கீழறையில் படுக்கை. மிச்சமிருந்தது இடது கை ஒன்றுதான். "இப்ப அவரும் உங்க கட்சி, மசா-சான்" என்று ஃபூசா சொல்லிவிட்டு, சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள்.

இனி ஒரு வரைபடத்தின் கதை. போன வருஷம் வசந்தத்தில் தாய்வானிலிருந்து வந்த ஒரு பெண், கிமோனோவைத் திருப்பிக் கொடுக்கும்போது அழுதாள். மழை வேறு, கூட்டம் வேறு. நாள் முழுக்க எடுத்த எந்தப் படத்திலும் அவள் தனியாக இல்லை. எல்லாவற்றிலும் யாருடைய குடையோ, யாருடைய முழங்கையோ. நல்ல பெண். கழற்றிய காலணியை, முறைப்படி வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். மசாயோவுக்கு மனசு இளகிவிட்டது. "நாளைக்கு வாம்மா, காசு வேண்டாம், உடுத்திவிடறேன்" என்று சொல்லி, ஒரு துண்டுக் காகிதத்தில் தன் சந்துக்கு வழி வரைந்து கொடுத்தாள். சந்தின் முனையில் சிவப்புக் கழுத்துத்துணி கட்டிய ஜிஸோ என்கிற சின்னக் கல்சாமி, அதன் பின்னால் ஒரு காமெல்லியா மரம், இரண்டு பக்கமும் பழைய மரக்கிராதி வீடுகள். இவ்வளவு அழகான இடத்தில் நான் குடியிருக்கிறேன் பார் என்கிற பெருமையும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

அந்தப் பெண் ஊர் திரும்பி, படத்தைப் போட்டு, மசாயோ என்கிற அன்பான அம்மாவைப் பற்றி எழுதினாள். அடுத்த மாதம் பத்துப் பேர் மசாயோவின் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டு கடைக்கு வந்தார்கள். கடை முதலாளி ஒகாஜிமா, நாற்பது வயது, வாய் ஓயாத ஆள். "மசாயோ-சான், அந்தப் படத்தை எனக்கும் ஒண்ணு வரைஞ்சு குடுங்களேன்" என்றான். வரைந்து கொடுத்தாள். ஒரு வாரத்தில் கண்ணாடிக்குப் பக்கத்தில் கையகலத்தில் நகலெடுத்த வரைபடங்கள் ஒரு கட்டு உட்கார்ந்திருந்தன. ஜிஸோ சாமிக்குப் பக்கத்தில் இளஞ்சிவப்பில் ஒரு இதயம் வேறு. 'மசாயோவின் இரகசியச் சந்து' என்று நான்கு மொழிகளில்.

அப்போது அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை, "வேண்டாம்". திறக்கவில்லை. இருக்கிற வேலை போய்விடும் என்ற பயமா, பெயர் போட்டிருக்கிறதே என்ற சந்தோஷமா, அவளுக்கே தெரியாது. இரண்டும்தான் என்று நான் நினைக்கிறேன். ஒன்றரை வருஷம், முதுகில் தட்டி அனுப்பும்போது அவளே அந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்தாள்.

சந்துக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. ஒன்பது வீட்டுச் சந்து அது. கிராதி வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, நடக்கும்போது முகத்தைக் கிராதிப் பக்கம் திருப்ப மாட்டார்கள். உள்ளே விளக்கெரிந்தாலும், சண்டை நடந்தாலும், கண் தரையில்தான் இருக்கும். அப்படி இருப்பதால்தான் அவ்வளவு மெல்லிய கிராதிக்குப் பின்னால் மனுஷர்கள் மானத்தோடு வாழ முடிந்தது. வந்தவர்களுக்கு அது தெரியாது. வாசல்படியில் உட்கார்ந்து குச்சியில் கோத்த மாவுருண்டை தின்றுவிட்டு அந்தக் குச்சியைக் கிராதிக்குள் செருகிவிட்டுப் போனார்கள். காமெல்லியா மொட்டைப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டார்கள். கடையென்று நினைத்துக் கதவைத் தள்ளி உள்ளே வந்து, சோறு தின்றுகொண்டிருந்தவர்களைப் படம் எடுத்தார்கள். ஒருநாள் ஜிஸோ சாமியின் கழுத்துத்துணியைக் காணோம். ஞாபகத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் போலிருக்கிறது. ஃபூசா வேறு தைத்துக் கட்டினாள். அதுவும் போயிற்று. மசாயோ எல்லாவற்றையும் பார்த்தாள். மாலையில் வீடு திரும்பும்போது முன்னால் போகிறவர்களின் முதுகைப் பார்க்கக் கூசி, தலையைக் குனிந்துகொண்டு நடப்பாள். இடப்பக்கம் இறங்கிய நுனிகள்.

அப்புறம் ஆகஸ்டில் அந்தப் படம் வந்தது.

நத்சுகோ நகோயாவில் வேலையாயிருக்கிறாள். அவளுடன் வேலை செய்பவள் ஒருத்தி கைபேசியில் காட்டி, "இது உன் ஊர்தானே, எவ்வளவு அழகு" என்றாளாம். கிராதி ஜன்னல், அதன் முன்னால் முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பெண், நீலக் கிமோனோ, மஞ்சள் ஓபி. உள்ளே விளக்கு எரிகிறது. புழுக்கத்துக்காக உள்கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். விளக்கு வெளிச்சத்தில், படுக்கையில், இடுப்புக்குக் கீழே துணியில்லாமல் ஒரு கிழவர். ஈரத்துணியோடு குனிந்திருக்கும் ஒரு கிழவி. 'பழைய கியோத்தோவின் அசல் வாழ்க்கை' என்று கீழே எழுதியிருந்தது. பல ஆயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

ஃபூசா அடுத்த நாளே தச்சரைக் கூப்பிட்டுக் கிராதிக்கு உள்பக்கம் பலகை அடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெருச்சங்கத் தலைவர் கிதாவோ வீட்டில் கூட்டம். கிதாவோ ஓய்வுபெற்ற முடிதிருத்துபவர், எழுபது வயது. அந்தப் படத்தை ஒரு காகிதத்தில் அச்செடுத்து வைத்திருந்தார். ஸெய்ஜியின் உடம்பு இருந்த இடத்தில், மரியாதைக்காக, ஒரு வெள்ளைத் துண்டுக் காகிதத்தை ஒட்டியிருந்தார்.

"இன்னும் கொஞ்ச நாள்ல நம்ம கழுத்துல விலைச்சீட்டுக் கட்டித் தொங்கவிட்டுடுவாங்க, பாருங்க" என்றார் அவர்.

"வெளிநாட்டுக்காரங்களுக்கு வெட்கம்னா என்னன்னே தெரியாது" என்றது ஒரு குரல்.

"அட, டோக்கியோக்காரங்க மட்டும் ரொம்ப ஒழுங்கோ? நேத்து எங்க கக்கூஸ்ல ஒருத்தன் போயிட்டு வந்தான். சுத்தமான டோக்கியோ பேச்சு. நன்றிகூடச் சொன்னான்!"

எல்லோரும் சிரித்தார்கள். மசாயோவும் சிரித்தாள். அச்செடுத்த காகிதம் கைமாறி வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஃபூசா அதை இரண்டு கையாலும் மசாயோவிடம் நீட்டினாள். மசாயோ வாங்கிப் பார்த்தாள். ஒட்டியிருந்த வெள்ளைக் காகிதத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் ஓபியின் நுனி இடப்பக்கம் இறங்கியிருந்தது. அந்த நீலமும் மஞ்சளும் அவள் எடுத்துக் கொடுத்தவை. "உனக்கு இது பொருந்தும்" என்று சொன்னதுகூட ஞாபகம் வந்தது.

"ஊர்ல இவ்வளவு சந்து இருக்கறப்போ நம்ம சந்துக்கு மட்டும் ஏன் இப்படி வந்து குவியறாங்க? யாருக்காவது எதாவது தெரியுமா?" என்று கிதாவோ கேட்டார்.

ஃபூசா மடியில் வைத்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மசாயோ தானாகச் சொல்வாள் என்று அவள் காத்திருந்தாள் என்பது மசாயோவுக்கு அப்போது உறைக்கவில்லை. வாய்வரை வந்ததைச் சொல்லாமல், காகிதத்தை அடுத்தவரிடம் நீட்டி, "என்ன காலமோ இது" என்றாள். அவ்வளவுதான் அவளுக்குச் சொல்ல வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

மறுநாள் காலையில்தான் துடைப்பம் எல்லையில் நின்றது.

"ஃபூசா-சான்" என்று கூப்பிட்டாள் மசாயோ.

ஃபூசா நிமிர்ந்தாள். முகம் மலர்ச்சியாகத்தான் இருந்தது. "நல்ல காலைப்பொழுது, நிஷிவாகி-சான். எங்க பக்கம் இப்போ தூசி கொஞ்சம் அதிகமாப் போச்சு. உங்க வாசலுக்கு வந்துடப் போகுதுன்னுதான் இங்கேயே நிறுத்திக்கிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

செல்லமாகக் கூப்பிடும் மசா-சான் போய், அந்நியரைக் குடும்பப் பெயரால் அழைப்பதுபோல் நிஷிவாகி-சான் ஆகிவிட்டது. நாலு திட்டுத் திட்டியிருந்தால் மசாயோ தாங்கியிருப்பாள். இந்த மரியாதையை அவளால் தாங்க முடியவில்லை. கூனிக்குறுகித் துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு வேலைக்குப் போனாள்.

கடையில் நுழைந்ததும் நேரே கண்ணாடிக்குப் போய், வரைபடக் கட்டை எடுத்துப் பைக்குள் போட்டாள். ஒகாஜிமா தேநீர்க் கோப்பையோடு வந்தான்.

"என்ன மசாயோ-சான், ஆள் வர்றப்போ குடுக்க வேண்டாமா?"

"இனிமே குடுக்கக் கூடாது. அது ஜனங்க குடியிருக்கற இடம்."

"அதுக்கென்ன, ஜனங்க இருக்கறதுதானே அழகு!" அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சரி, எடுத்துட்டுப் போங்க. நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்? ஆனா இப்ப யாரு காகிதத்தைப் பாக்கறா? போன்ல உங்க பேரைத் தட்டினா வழி காட்டுது. வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுது." கைபேசியை அவள் பக்கம் திருப்பினான். நகர வரைபடத்தில் அவள் சந்தின்மேல் ஒரு புள்ளி, அதற்கு அவள் பெயர். "இதை நான் போடல. நீங்களும் போடல. யாரோ போட்டாங்க. யாருக்கிட்ட போய் அழிக்கச் சொல்வீங்க?"

அவன் சொன்னது உண்மை. கையில் கொடுத்ததைத் திரும்ப வாங்கலாம். இது கையை விட்டுப் போய்விட்டது. அன்று பகல் முழுக்க அவள் பதினேழு பேருக்கு உடுத்திவிட்டாள். முதல் ஆளுக்கு நுனியை வலப்பக்கம் இறக்கிக் கட்டப் பார்த்தாள். விரல் ஒத்துழைக்கவில்லை. முடிச்சு நழுவிக் கீழே விழுந்தது. அந்தப் பெண் கண்ணாடியில் பார்த்து விழித்தாள். மசாயோ மன்னிப்புக் கேட்டுவிட்டு, தன் கை போகிற வழியே கட்டினாள்.

மூன்று மணிக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். சந்து முனையில், ஜிஸோ சாமிக்கு முன்னால், ஒரு இளம் ஜோடி நின்றுகொண்டிருந்தது. சாமிக்குக் கழுத்துத்துணி இல்லை. அந்தப் பையன் மரியாதையாகக் குனிந்து வணங்கி, கையிலிருந்த காகிதத்தை நீட்டினான். மசாயோவின் கையெழுத்து, இளஞ்சிவப்பு இதயம். நேற்றோ முந்தாநாளோ கடையில் கொடுத்தது. இங்கேதானா என்று விரலால் கேட்டான்.

"இல்லை. இது இல்லை. இப்படி ஒரு சந்தே கிடையாது" என்றாள் மசாயோ. கையை நீட்டி அவன் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கினாள். முன்பின் தெரியாத ஆளின் கையிலிருந்து ஒரு பொருளைப் பிடுங்குவது அவள் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அவர்கள் மிரண்டுபோய், இரண்டு பேருமாக மறுபடி வணங்கிவிட்டு, வந்த வழியே போனார்கள். பாவம், அவர்கள் நல்லவர்கள்.

திரும்பினால், கையில் முள்ளங்கியும் தோஃபுவும் உள்ள பையோடு ஃபூசா நிற்கிறாள். எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

"ஃபூசா-சான், இது நான் வரைஞ்சது." மசாயோவுக்கு மூச்சு வாங்கியது. "எல்லாம் நான் வரைஞ்சது. எல்லாருக்கும் நானே என் கையால குடுத்தேன். நேத்து எல்லாரும் இருக்கறப்போ சொல்லியிருக்கணும். சொல்லல. அந்தப் படத்துல இருக்கற பொண்ணுக்கும் நான்தான்..."

"தெரியும்" என்றாள் ஃபூசா. "எம் பொண்ணு முதுகுல பார்த்த முடிச்சாச்சே அது."

"எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல."

"எங்கிட்ட ஏன் கேக்கறீங்க, நிஷிவாகி-சான்?" அந்த மலர்ந்த முகம் போய்விட்டது. "படத்துல அம்மணமா இருக்கறது நானா? வாங்க. அவர்கிட்ட கேளுங்க."

கதவைத் தள்ளி உள்ளே போனாள் ஃபூசா. மசாயோ பின்னால் போனாள். வெளியே மூன்றரை மணி வெயில். உள்ளே இருட்டு. பலகை அடித்த கிராதியின் ஓரத்தில் ஒரு கோடு வெளிச்சம் மட்டும் பாயில் விழுந்தது. முன்னெல்லாம் ஸெய்ஜி பகல் முழுக்க அந்தக் கிராதி வழியாகச் சந்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். யார் நடந்தாலும் காலணிச் சத்தத்திலேயே ஆளைத் தெரிந்துகொண்டு, இடது கையைக் கொஞ்சம் தூக்குவார். மசாயோவுக்கும் தூக்கியிருக்கிறார். அவள் முகத்தைத் திருப்பாமல், ஓரக்கண்ணில் அதை வாங்கிக்கொண்டு, தரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவாள். இப்போது அவர் மல்லாந்து படுத்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபூசா விளக்கைப் போட்டாள். "நிஷிவாகி-சான் வந்திருக்காங்க. உங்ககிட்ட எதோ சொல்லணுமாம்."

மசாயோ படுக்கைக்கு ஒரு பாய் தள்ளி முழங்காலிட்டு உட்கார்ந்து, நெற்றி பாயில் படக் குனிந்தாள். என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து வைத்தது ஒன்றும் நினைவில் இல்லை. நிமிர்ந்தாள். வார்த்தை வராததால், அவர் புரிந்துகொள்ளட்டும் என்று, இன்னும் கையிலேயே கசங்கிக்கொண்டிருந்த அந்தக் காகிதத்தை விரித்து, அவர் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தாள்.

கையகலக் காகிதம். விளக்கு அதன்மேல் பளிச்சென்று விழுந்தது.

ஸெய்ஜியின் கண் அதன்மேல் நின்றது. அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இடது கை போர்வையின் விளிம்பைத் தேடிப் பிடித்து, முகத்துக்கு மேலே இழுத்து மூடிக்கொண்டது.

"அய்யோ, அது வெறும் காகிதம்தாங்க" என்று ஃபூசா ஓடிவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "போன் இல்லீங்க. யாரும் படம் எடுக்கல. நம்ம மசா-சான்தான்."

போர்வை இறங்கவில்லை. மசாயோ காகிதத்தை மடிக்குள் திணித்துக்கொண்டாள். பிறகு, தாய்வான் பெண் அழுததிலிருந்து தொடங்கி, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அந்தப் போர்வையிடம் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அதன் விளிம்பில் நாலு விரல்கள் மட்டும் தெரிந்தன. பேருந்துக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவளைக் கண்டபோதெல்லாம் உயர்ந்த விரல்கள். நகம் வெளுக்கும்படி போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தன.